57 வெள்ளம் பெரிதா, 2011 வெள்ளம் பெரிதா?



வெள்ளக் கதை வந்தால் நம்மட பெரியவர்களுக்கு 57 வெள்ளமும் 78 சூறாவளியும்தான் அளவுகோல். இளம் ஆட்கள் 2011ஐச் சொல்வார்கள். இந்த வாக்குவாதத்தைத் தீர்க்க ஞாபகம் போதாது, எழுதி வைத்த கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கு நம்மிடம் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, இலங்கையில் மழைமானி வைத்து முறையாக எழுதத் தொடங்கிவிட்டார்கள். தோட்டத் துரைமாரும் தங்கள் பயிருக்காக எழுதினார்கள். 1907இல் கொழும்பில் அவதான நிலையம் வந்தது. இன்றும் காலை 8.30க்கு மழைமானியைப் பார்த்து எழுதுகிறார்கள்.

ஆனால் நீண்ட காலமாக அந்த எண்களை மாதத்துக்கும் வருடத்துக்கும் கூட்டிச் சராசரி பார்ப்பதே வழக்கமாக இருந்தது. மட்டக்களப்பின் வருட சராசரி சுமார் 1,650 மில்லிமீற்றர். 2010 டிசம்பர் தொடக்கம் 2011 ஜனவரி நடுப்பகுதி வரை மட்டும் கிட்டத்தட்ட அவ்வளவும் பெய்து முடிந்தது. அதே மழை மாரி முழுக்கப் பரவிப் பெய்தால் வெள்ளாமை விளையும். ஆறு வாரத்தில் கொட்டினால் வட்டையே கடலாகிவிடும். வருடக் கூட்டுத்தொகையில் இரண்டும் ஒன்றுதான்!

1990களின் இறுதியில் உலக விஞ்ஞானிகள் கணக்கிடும் முறையை மாற்றினார்கள். சராசரியை விட்டு நாட்களை எண்ணினார்கள். வருடத்தில் ஒரே நாளில் பெய்த ஆகக் கூடிய மழை எவ்வளவு? தொடர்ந்து ஐந்து நாளில் எவ்வளவு? 1 மில்லிமீற்றர்கூடப் பெய்யாமல் எத்தனை நாள் தொடர்ந்து போனது? 1961–1990 காலத்தில் நூற்றுக்குப் பத்து இரவுகளில் மட்டும் கண்ட சூடு இப்போது எத்தனை இரவுகளில்? இப்படி 27 சுட்டிகள்.

இதற்குப் பின்னால் கொஞ்சம் அரசியலும் உண்டு. பல நாடுகள் தங்கள் தினசரிப் பதிவை வெளியாருக்குக் கொடுக்க விரும்பவில்லை. அதனால் பட்டறைகளுக்குப் பதிவோடு வந்தவர்கள் அங்கேயே கணித்து, சுட்டியை மட்டும் பகிர்ந்தார்கள். எனக்கு இது கெட்டித்தனமான ஏற்பாடாகத்தான் தெரிகிறது.

இலங்கை உட்பட ஐந்து தெற்காசிய நாடுகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. வெப்பத்தில் பதில் தெளிவு: சூடான நாட்களும் இரவுகளும் கூடியிருக்கின்றன. மழையில் அப்படி ஒரே பதில் இல்லை, ஓரிடத்தில் கூடுகிறது, இன்னோரிடத்தில் குறைகிறது. "மழை எல்லாம் கூடிவிட்டது" என்று அடித்துச் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரவுச் சூடு விவசாயிக்குச் சின்ன விசயமல்ல. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில், கோடைப் போகத்தின் இரவு வெப்பம் 1 பாகை கூடும்போது விளைச்சல் சுமார் 10 வீதம் குறைந்ததாக 2004இல் எழுதினார்கள்.

சுட்டிக்கு விடுபடாத தினசரிப் பதிவு வேண்டும். யுத்தத்தில் வடக்கின் சில நிலையங்களில் பதிவே அறுந்துபோனது. ஒரு மாரி விடுபட்டால் அந்த வருடத்தின் ஆகப் பெரிய மழை எதுவென்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஊரில் யாரிடமாவது வாப்பா, பெரியப்பா காலத்து மழைக் கொப்பி, வட்டைவிதானையின் குறிப்பு ஏதும் இருந்தால் பழைய கடதாசி என்று எரித்துவிடாதீர்கள். படம் எடுத்து அனுப்புங்கள், பிள்ளைகளோடு சேர்ந்து எண்ணிப் பார்க்கிறேன்.