ஒக்டோபர் 30: நாங்களும் சொல்ல வேண்டியது



ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்களாகிய நாங்கள் 1990ஐப் பற்றி எழுதுவோம். இந்த வருடம் அதோடு இன்னொன்றையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில், நடந்தது என்ன? பிள்ளைகளுக்காகத் திரும்பவும் சொல்கிறோம். 1990 ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். மாதக் கடைசியில் மன்னார்த் தீவின் முறை வந்தது. 30ஆம் திகதி யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, எங்கள் ஆட்களை ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்ற கட்டளை அங்கேதான் கிடைத்தது. போகிற வழியில் நகையும் பணமும் பறிக்கப்பட்டன. வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர் இப்படி விரட்டப்பட்டார்கள். மன்னார் ஆட்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரை சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்து ஆட்கள் வவுனியா வந்து, அங்கிருந்து புத்தளம் போனார்கள். கொஞ்ச நாளில் திரும்பலாம் என்று கிடுகுக் கொட்டில் போட்டவர்களின் பிள்ளைகள், அந்த முகாமிலேயே வளர்ந்து கலியாணமும் முடித்தார்கள்.

எங்களுக்காகப் பேசிய தமிழர்களும் இருந்தார்கள். அதை மறந்தால் அது நன்றிகெட்டதனம். 1989 செப்டெம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட வைத்தியர் ராஜினி திராணகமவின் தோழர்கள், மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்ற அமைப்பின் பெயரில், உயிருக்கு ஆபத்து இருந்த காலத்திலேயே இந்த வெளியேற்றத்தைப் பதிவு செய்தார்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில், அது தவறு என்று அன்ரன் பாலசிங்கம் ஒத்துக்கொண்டார். ஆனால் பிறகு யுத்தம் மறுபடி தொடங்கியது. பெரும்பாலானோர் முகாமிலேயே இருந்தார்கள். தவறு என்று சொன்ன வாயால் மட்டும் வீட்டுக்குக் கூரை வந்துவிடாது.

மன்னாரில் வேறு ஒரு வேலை நடந்தது. அங்கிருந்து விரட்டப்பட்ட ஷிரீன் சரூர், அதே மண்ணில் தமிழ்ப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் ஒன்றாகச் சேர்த்து மன்னார் பெண்கள் அபிவிருத்திச் சம்மேளனத்தை உருவாக்கினார். கணவனை இழந்தவளுக்கும் வீட்டை இழந்தவளுக்கும் இருக்கிற தேவை பல இடங்களில் ஒன்றுதான். அதிலிருந்துதான் பேச்சு தொடங்கியது.

இனி, நாங்கள் வழமையாக எழுதாத பகுதி.

1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். இதெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் அதே ஓகஸ்டில், சம்மாந்துறைக்குப் பக்கத்தில் இருக்கிற வீரமுனையில், பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களும் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினருக்குப் பங்கு இருந்தது. எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீரமுனை என்ற பெயர் தெரியும்? நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுதான் உண்மை.

"அவங்க செய்ததுக்குத்தானே இவங்க செய்தாங்க" என்று சிலர் சொல்வார்கள். கோயிலில் ஒதுங்கியிருந்த மனிசி காத்தான்குடிக்குத் துவக்கு எடுத்துப் போனவள் இல்லை. சோனகத் தெருவில் கடை வைத்திருந்தவரும் யாருக்கும் எதுவும் செய்யவில்லை. ஒன்று அநியாயம் என்றால் மற்றதும் அநியாயம்தான்.

2019 ஏப்ரல் 21 நினைவிருக்கிறதா? மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் தமிழ்ப் பிள்ளைகள் செத்தார்கள். குண்டு வைத்தவன் எங்கள் பெயரைச் சுமந்தவன். அடுத்த மாதம் வடமேல் மாகாணத்தில் எங்கள் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது நாங்கள் என்ன சொன்னோம்? "ஒருவன் செய்ததற்கு ஒரு சமூகத்தையே குற்றம் சாட்டாதீர்கள்" என்றோம். அந்த நியாயம் எங்களுக்கு வேண்டுமென்றால், புலிகள் செய்ததற்கு எல்லாத் தமிழரையும் குற்றம் சாட்டுவதை நாங்கள்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

இதனால் எங்கள் கோரிக்கை சிறுத்துவிடாது. காணி உறுதி தொலைந்தவனுக்குக் காணி வேண்டும். 1990இல் ஒரு குடும்பமாகப் போய் இன்று நான்கு குடும்பமாகத் திரும்புகிறவர்களுக்கு வீடு வேண்டும். மீள்குடியேறியவர்களின் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்க வேண்டும். வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழு 2011இல் தன் அறிக்கையை வெளியிட்டது. நல்லிணக்க ஆணைக்குழுவும் எங்கள் மீள்குடியேற்றம் பற்றிப் பரிந்துரை செய்தது. இரண்டையும் அரசு மேசையில் போட்டுவிட்டுப் போக விடக்கூடாது.

அதோடு, இந்த ஒக்டோபரில் வீட்டில் பிள்ளைகளுக்கு ஜின்னா மைதானத்தைப் பற்றிச் சொல்லும்போது வீரமுனையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பறையில் சொல்லத் தொடங்குகிறோம். தமிழ் ஆசிரிய நண்பர்களே, நீங்களும் உங்கள் வகுப்பில் சோனகத் தெருவைப் பற்றிச் சொல்லுங்கள். பலர் ஏற்கெனவே சொல்கிறீர்கள், அதையும் அறிவோம்.

எங்களுக்கு எதிராக இருந்தாலும் நீதியின் பக்கம் நிற்க வேண்டும் என்பது எங்கள் மார்க்கம். யா அல்லாஹ், இரண்டு பக்கத்து மையித்துகளையும் நினைக்கிற இதயத்தை எங்களுக்குத் தா. ஆமீன்.