நாவடங்கிய ஆசிரியர்

1095ஆம் ஆண்டின் கோடையில் பாக்தாத் நகரின் பேராசிரியர் ஒருவருக்குப் பேச்சு நின்றுபோயிற்று. தன்னை நாடி வந்த மாணவர்களுக்காக ஒரு நாளேனும் பாடம் சொல்லிவிட முயன்றார், நா எழவில்லை. உணவும் செரிக்கவில்லை. இது உள்ளத்தில் தொடங்கி உடலுக்கு இறங்கிய நோய் என்று சொல்லி மருத்துவர்கள் கைவிட்டனர். அவர்தாம் இமாம் கஸ்ஸாலி.

1058இல், இன்றைய ஈரானில் உள்ள தூஸ் நகரில் பிறந்தவர் அவர். செல்ஜூக் அரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க் 1091இல் அவரை பாக்தாத் நிஜாமிய்யா கல்லூரியில் அமர்த்தினார். முந்நூறு மாணவர்கள், அரசவையில் செல்வாக்கு, வாதங்களில் வெற்றி என எதற்கும் குறைவில்லை. ஆயினும் தாம் போதிப்பது இறைவனுக்காக அன்று, புகழுக்காகவே என்று கண்டுகொண்டபோது அவர் தளர்ந்தார். காலையில் துறக்கத் துணிவதும், மாலையில் ஆசை அத்துணிவைக் கலைப்பதுமாக ஆறு மாதங்கள் கழிந்தன. இதனைத் தம் தன்வரலாற்று நூலில் அவரே ஒளிவின்றி எழுதியிருக்கிறார்.

இறுதியில், இனித் தம்மால் ஆவதொன்றுமில்லை என்று இறைவனிடம் அடைக்கலம் புகுந்தார். அதன்பின் துறப்பது எளிதாயிற்று என்கிறார். குடும்பத்திற்கு வேண்டியதை ஒதுக்கி வைத்துவிட்டு, எஞ்சிய செல்வத்தைப் பகிர்ந்தளித்தார். மக்காவுக்குச் செல்வதாகச் சொல்லிக்கொண்டு டமாஸ்கஸுக்குப் புறப்பட்டார். அரசியல் அச்சமே இதற்குக் காரணம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. நிஜாமுல் முல்க் 1092இல் கொலையுண்டதை நினைத்தால் அதனை முற்றிலும் தள்ளிவிட இயலாது. ஆனால் அச்சத்தால் ஓடியவர் ஒளிந்திருக்க ஓர் இடம் கிடைத்ததும் நின்றிருப்பார். இவரோ டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலின் மினாராவில் பகற்பொழுதெல்லாம் கதவடைத்துத் தியானத்தில் இருந்தார். பின் ஜெருசலேம் சென்றார். ஹெப்ரோனில் இப்ராஹீம் நபியின் அடக்கத்தலத்தில் நின்று, அரசரிடம் பொருள் பெறுவதில்லை, அவைகளில் வாதிடுவதில்லை என்று உறுதி பூண்டார். 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூல் உருவானதும் இக்காலத்தில்தான்.

1106இல் அரசின் அழைப்பை ஏற்று நிஷாபூரில் மீண்டும் பாடம் சொல்லத் தொடங்கினார். உறுதி குலைந்ததா என்னும் கேள்வி எழுவது இயல்பே. முன்பு பதவியைத் தேடித்தரும் கல்வியைக் கற்பித்தேன், இப்போது பதவியைத் துறக்கச் செய்யும் கல்வியைக் கற்பிக்கிறேன் என்பது அவர் தரும் விளக்கம். இறைநம்பிக்கை அவருக்கு ஓய்வைத் தந்தது உண்மை. ஆனால் அது வேலையிலிருந்து கிடைத்த ஓய்வன்று. பிறர் பார்வைக்காக வாழும் சுமையை அது இறக்கி வைத்தது. அச்சுமை இறங்கியதும் பழைய வேலையையே அவரால் மீண்டும் செய்ய முடிந்தது.

பின்னர் தூஸ் திரும்பி, தம் வீட்டருகே மாணவர்க்கு ஒரு பள்ளியும் சூஃபிகளுக்கு ஒரு தங்குமிடமும் அமைத்தார். 1111இல் அவ்வூரிலேயே மறைந்தார்.