காதால் கற்றவர் கண்ட நாவல்

வேற்று மொழி ஒன்றைக் கற்க விழைவோர் முதலில் நாடுவது புத்தகத்தையே. நானும் அவ்வாறே செய்தேன். ஆங்கிலப் பள்ளியில் படித்தவனாதலால், ஜப்பானிய மொழியையும் ஆங்கில எழுத்தில் அச்சிட்ட பாடநூல் ஒன்றைக் கொண்டே பயிலத் தொடங்கினேன். ஈராண்டுகள் கழிந்தன. எங்கள் தோட்டத்துச் செம்பனை ஆலையில் இயந்திரம் பழுதுபார்க்க வந்த ஜப்பானியர் ஒருவர், தம் பாட்டனாரின் படத்தைக் கைப்பேசியில் காட்டினார். நானோ, 'இவர் உங்கள் மாமாவா?' என்றேன். அவர் சிரித்தபடியே, ஒரு சொல்லை நீட்டித் திருத்தினார். 'ஒஜிசான்' என்றால் மாமன் அல்லது சிற்றப்பன். 'ஒஜீசான்' என்றால் பாட்டன். குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வேறுபாடு, அவ்வளவே! அரிச்சுவடியிலேயே குறில் நெடில் கற்ற தமிழன் இடறி விழக்கூடிய இடமா இது? என் பாடநூல் நெடிலுக்குக் குறியிடாமல் அச்சிட்டிருந்தது. நானும் என் தமிழ்க் காதை நம்பாமல் ஆங்கில எழுத்தை நம்பினேன்.

அதன் பின்னர் நாவல்களைப் பிறர் உரக்கப் படிக்கக் கேட்டுக் கற்கும் வழியைக் கைக்கொண்டேன். இது கைப்பேசி வந்த பிறகு தோன்றிய நூதன வழக்கம் என்றே எண்ணியிருந்தேன். ஆராய்ந்து பார்த்தால், ஜப்பானிய நவீன நாவலுக்கு அடிகோலிய ஆசிரியரே இவ்வழியில் அந்நிய மொழி கற்றவர் என்பதும், அவர் எழுதிய நாவலின் நடையே ஒரு கதைசொல்லியின் குரலிலிருந்து பிறந்தது என்பதும் தெரியவந்தன. அந்தச் சரித்திரத்தை நம் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

அவர் இயற்பெயர் ஹாசேகாவா தத்சுனோசுகே. 1864-ஆம் ஆண்டில் இன்றைய தோக்கியோ நகரில் பிறந்தவர். ருஷியா தம் நாட்டிற்குப் பெரும் அபாயமாகும் என்று இளமையிலேயே அஞ்சி, போர்வீரனாக விரும்பி, ராணுவப் பள்ளித் தேர்வை மும்முறை எழுதி, மும்முறையும் தவறினார். வாளால் இயலாததை மொழியால் செய்வோம் என்று கருதி, 1881-இல் தோக்கியோ அந்நிய மொழிப் பள்ளியில் ருஷிய வகுப்பிற் சேர்ந்தார். பகைவனை அறிந்துகொள்ளவே அவன் மொழியைக் கற்கப் போனார் என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

அப்பள்ளியில் ருஷிய நாவல்களுக்குப் போதிய பிரதிகள் இல்லை. ஆதலால் நிக்கோலஸ் கிரே என்னும் ஆசிரியர், தம்மிடமிருந்த பிரதியைக் கையிலேந்தி வகுப்பில் உரக்கப் படிப்பார். மாணவர்கள் கையில் நூலின்றிச் செவியொன்றையே துணையாகக் கொண்டு கேட்பார்கள். நாவல் முடிந்ததும் அதிலுள்ள பாத்திரங்களின் குணங்களைப் பற்றி ருஷிய மொழியிலேயே அவர்கள் எழுதவேண்டும். அவர் படிக்கும் முறை மிகச் சிறப்பானது என்பர். வறுமையே வாத்தியாரான கதை இது! பிரதிகள் தாராளமாகக் கிடைத்திருந்தால் அம்மாணவர்களும் என்னைப்போல் அகராதியைப் புரட்டிக்கொண்டு, வாக்கியத்தின் ஓசையைக் கேளாமலே படித்து முடித்திருப்பார்கள். பகைவனின் மொழியைக் கற்கச் சென்ற இளைஞன், பகையை ஒருபுறம் வைத்துவிட்டு இலக்கியத்தில் மூழ்கிப்போனான். அப்பள்ளி வணிகப் பள்ளியோடு இணைக்கப்பட்டபின், 1886-இல் பட்டம் பெறாமலே வெளியேறினான்.

இனி ஜப்பானிய மொழியின் நிலையைப் பார்ப்போம். அக்காலத்தில் அங்கே எழுதும் மொழி வேறு, பேசும் மொழி வேறு. எழுத்தில் ஆண்டது பழைய இலக்கண நடை; அதைச் சந்தையிலோ சமையலறையிலோ ஒருவரும் பேசார். இது நமக்குப் புதிதன்று. நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இந்தத் தமிழை எங்கள் லயத்தில் எவரும் பேசுவதில்லை, பேசினால் சிரிப்பார்கள்.

இவ்விரண்டையும் இணைத்த பாலம் ஓர் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. தகுசாரி கோகி என்பவர் 1882-இல் ஜப்பானிய மொழிக்குச் சுருக்கெழுத்து முறையொன்றை வகுத்துக் கற்பிக்கலானார். 1884-இல் சுருக்கெழுத்தாளர் இருவர், சான்யூதேய் என்ச்சோ என்னும் புகழ்பெற்ற கதைசொல்லி அரங்கில் சொல்லிவந்த பேய்க்கதை ஒன்றை, அவர் வாயிலிருந்து வந்தவாறே எழுதி அச்சிட்டார்கள். 'போதான் தோரோ', அதாவது 'பியோனிப்பூ விளக்கு' என்பது அதன் பெயர். அதில், இறந்துபோன காதலி நள்ளிரவில் மரக்கட்டைச் செருப்பணிந்து வருகிறாள். செருப்பின் ஓசை 'கரான் கொரோன்' என்று கேட்கிறது. நம் இரட்டைக்கிளவியைப் போன்ற ஒலிக்குறிப்புச் சொற்கள் ஜப்பானிய மொழியில் எண்ணிறந்தன. அவற்றை அகராதியில் தேடுவதினும் நல்ல குரலில் ஒருமுறை கேட்பது மேல்.

நம் ஹாசேகாவா நாவல் எழுத முற்பட்டபோது, நடை அமையாமல் தவித்தார். அப்போது இலக்கிய ஆராய்ச்சியாளரான சுபோஉச்சி ஷோயோவிடம் சென்று வழி கேட்டார். 'என்ச்சோ கதை சொல்வதைப்போல் எழுதிப் பாரேன்' என்பதே அவர் கூறிய ஆலோசனையின் சாரம். அவ்வாறு எழுதப்பட்ட 'உகிகுமோ', அதாவது 'மிதக்கும் மேகம்', 1887-இல் முதற்பகுதியாக வெளிவந்தது. எனினும் அறிமுகமில்லாத இளைஞனின் நூல் விற்காது என்று அட்டையில் சுபோஉச்சியின் பெயரே முன்நின்றது. பிறர் பெயரால் பணம் பெற்றோமே என்று நாணித் தம்மைத் தாமே வைதுகொண்ட வசைமொழியையே அவர் புனைபெயராக்கிக்கொண்டார். 'குதபத்தே ஷிமாஏ' என்பது அந்த வசை. 'செத்துத் தொலை' என்று பொருள். அதுவே ஃபுதாபதேய் ஷிமேய் ஆயிற்று.

'செத்துத் தொலை' என்று தமிழாக்கியது விளையாட்டுக்கன்று. நாம் 'தொலை', 'விடு' என்பவற்றை வினைக்குப் பின் துணையாகச் சேர்ப்பதுபோலவே அவர்கள் 'ஷிமாவ்' என்பதைச் சேர்க்கிறார்கள். 'தபேதே மிரு' என்றால் சொல்லுக்குச் சொல் 'தின்று பார்'. பிறர் கூற்றை முடிக்கும் நம் 'என்று', அவர்களிடம் 'தோ' என்று வருகிறது. வினை கடைசியில் நிற்கிறது. இதைக் கண்டு, ஓனோ சுசுமு என்னும் ஜப்பானிய அறிஞர் தமிழும் ஜப்பானியமும் உறவுடையவை என்றே வாதித்தார். மொழிநூலார் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை, நானும் வற்புறுத்தமாட்டேன். உறவு இருக்கட்டும், இல்லாது போகட்டும். வாக்கியம் கடைசிவரை அவிழாமல் நிற்பதைப் பொறுத்துக்கொண்டு கேட்கும் பழக்கம் தமிழ்க் காதுக்கு உண்டு என்பது கண்கூடு.

ஃபுதாபதேய் 1888-இல் துர்கனேவின் கதையொன்றை மொழிபெயர்த்தார். மூலத்தின் ஓசை கெடலாகாது என்று கருதி, ருஷிய வாக்கியத்தில் எத்தனை காற்புள்ளி, எத்தனை முற்றுப்புள்ளி உண்டோ அத்தனையே தம் வாக்கியத்திலும் அமைக்க முயன்றதாகப் பின்னர் அவரே எழுதினார். வகுப்பறையில் கேட்ட குரல் அவர் காதைவிட்டு அகலவில்லை போலும்!

அவருக்குப் பின் வந்த நத்சுமே சோசேகியின் 'யாம் ஒரு பூனை' என்னும் நாவலும் செவிவழியே முதலிற் சென்றது. அதன் முதல் அத்தியாயத்தை 1904-ஆம் ஆண்டு முடிவில் தகாஹாமா கியோஷி நண்பர் கூட்டமொன்றில் உரக்கப் படித்தார். அச்சில் வந்தது 1905 ஜனவரியில். நான் கேட்டுப் பயின்ற முதல் நூலும் அதுவே. காலையில் பெரட்டு முடிந்து அலுவலகம் திறக்கும்வரை கிடைக்கும் அரைமணி நேரத்தில், ஒரே பகுதியைப் புத்தகமின்றி மும்முறை கேட்பேன். இரவில், 1997-இல் தொடங்கிய அவோசோரா பூங்கோ என்னும் இலவச மின்னூலகத்தில் அப்பகுதியை எடுத்துப் படிப்பேன். மறுநாள் மீண்டும் கேட்பேன். சீன எழுத்தொன்றைப் பார்த்த மாத்திரத்தில் அதன் ஓசை விளங்காது. 'பிறப்பு' என்று பொருள்படும் ஒரே எழுத்து ஓரிடத்தில் 'செய்', ஓரிடத்தில் 'ஷோ', வேறோரிடத்தில் 'நமா' என்று ஒலிக்கும். படிப்பவர் குரல் அந்த முடிச்சை அவிழ்த்துவிடுகிறது. 'ஹஷி' என்பதில் குரல் முதலில் உயர்ந்தால் உண்ணும் குச்சி, பின்னர் உயர்ந்தால் பாலம் என்பதை எந்த எழுத்தும் காட்டாது. ஒரு குறையும் உண்டு: அப்பூனை தன்னைக் குறிக்கும் 'வாகஹாய்' என்னும் ஆடம்பரச் சொல்லை மனிதரிடம் சொல்லிவைத்தால், கேட்பவர் நகைப்பார். நாவலில் கேட்டதையெல்லாம் நாவில் வைக்கலாகாது.

என் பாட்டனார்க்கு இப்படிப்பு பிடிக்கவில்லை. 1942-இல் அவர் பன்னிரண்டு வயதுச் சிறுவர். சிங்கப்பூர் 'ஷோனான்' ஆகி, பள்ளிகளில் நிப்போங்கோ கட்டாயமான காலம் அது. 'இச்சி, நி, சான்' என்று எண்ணவும், கிழக்கு நோக்கி வணங்கவும் அவருக்குக் கற்பித்தார்கள். அவருடைய தமையனார் சயாம் மரண ரயில் பாதைக்குப் போனவர், திரும்பவில்லை. ஒருநாள் நான் இயர்போன் இல்லாமல் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன். 'நிறுத்து அய்யா அதை' என்று மட்டும் சொன்னார். நிறுத்திவிட்டேன். அம்மொழியும் அவருக்குச் செவிவழியே வந்ததுதான். ஆனால் அவர் கேட்டது அதிகாரத்தின் கூச்சலை. அவர் இருந்தவரை வீட்டில் நான் அதை ஒலிக்கவிடவில்லை. பேய்க்கதையை மட்டும் ஒரு மழைநாளில் தமிழில் சொன்னேன். யாருடைய கதை என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள் என்றுதான் கேட்டார்.

ஃபுதாபதேய், 1908-இல் பத்திரிகை நிருபராக ருஷியத் தலைநகருக்குச் சென்றார். அங்கே காசநோய் முற்றியது. கப்பலில் தாயகம் திரும்புகையில், 1909 மே 10-ஆம் நாள், வங்காள விரிகுடாவில் உயிர் நீத்தார். உடல் சிங்கப்பூரில் கொண்டுவந்து தகனம் செய்யப்பட்டது. ஹவ்காங் வட்டாரத்தில் 1891-இல் தோன்றிய ஜப்பானியர் இடுகாட்டில், தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகளிடையே அவருக்கும் ஒரு நினைவுக்கல் உண்டு. வறுமையால் விற்கப்பட்டு இங்கு வந்து மாண்ட ஏழைப் பெண்களின் சிறு கற்களும் அங்கே வரிசை வரிசையாக நிற்கின்றன. போர்க்காலத் தளபதி தெராவுச்சியின் நினைவுக்கல்லும் நிற்கிறது. சென்ற விடுமுறையில் சிங்கப்பூர் சென்றபோது அதைப் பார்க்கப் போனேன். கல்லில் செதுக்கிய எழுத்துகளில் அவர் பெயரை மட்டும் படிக்க முடிந்தது. மரநிழலில் அமர்ந்து என்ச்சோவின் கதையை, செருப்போசை வரும் இடம்வரை கேட்டேன். மாலைப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் எழுந்து வந்தேன்.