எச்-1பி டூ கிரீன் கார்டு: நடுவுல கம்பெனி மாறினா என்ன ஆகும்?

அமெரிக்காவில் எச்-1பி விசா தற்காலிகம்தான். முதலில் 3 ஆண்டு, நீட்டித்தால் மொத்தம் 6 ஆண்டு. அதற்கு மேல் அங்கேயே நிரந்தரமாகத் தங்க, பெரும்பாலானோருக்கு வேலை பார்க்கும் நிறுவனமே கிரீன் கார்டு ஸ்பான்சர்.

முதலில் ‘பெர்ம்’. தகுதியான அமெரிக்கத் தொழிலாளர் கிடைக்கவில்லை என்பதை, ஆள் தேடி விளம்பரம் கொடுத்து தொழிலாளர் துறையிடம் காட்ட வேண்டும். இந்தச் செலவை ஊழியர் தலையில் கட்டக் கூடாது. பெர்ம் தாக்கல் செய்த நாள்தான் ‘பிரையாரிட்டி டேட்’, அதாவது வரிசையில் உங்க இடம். அடுத்து ஐ-140 மனு.

இந்தியர்களுக்குச் சிக்கலே இங்கேதான். ஒரு நாட்டுக்கு 7 சதவீத வரம்பு இருப்பதால் காத்திருப்பு பல ஆண்டுகள் இழுக்கும். ஆனால் ஐ-140 ஓகே ஆகிவிட்டால், 6 ஆண்டு முடிந்தாலும் எச்-1பி 3 ஆண்டு வீதம் நீளும்.

சரி, நடுவுல கம்பெனி மாறினா? வரிசை இடம் உங்களோடு வரும். பெர்ம், ஐ-140 இரண்டையும் புதிய நிறுவனம் மறுபடி போட வேண்டும். கவனிக்க வேண்டியது 180 நாள் கணக்கு. ஐ-140 ஒப்புதலாகி அது முடிவதற்குள் பழைய கம்பெனி வாபஸ் வாங்கினால், அதைக் காட்டி 3 ஆண்டு நீட்டிப்பு கேட்க முடியாது.

வேலையே போய்விட்டால் அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். ஐ-140 நோட்டீஸ் நிறுவனத்துக்குத்தான் போகும். வேலையில் இருக்கும்போதே நகலை, குறைந்தபட்சம் ரசீது எண்ணையாவது கேட்டு வாங்கி வைப்பது நல்லது.