கேலோஸ்: ஒரு கம்பம் தூக்குமேடையான கதை

ஆங்கிலத்தில் தூக்குமேடைக்கு "கேலோஸ்" என்று பெயர். ஒரே ஒரு தூக்குமேடையைச் சொன்னாலும் சொல்லின் கடைசியில் பன்மைக்குரிய "ஸ்" இருக்கும். ஏன் தெரியுமா?

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் "கால்கா" என்று ஒருமையில்தான் இருந்தது. ஜெர்மன் மொழியின் "கால்கன்" இதன் உறவுச் சொல். லிதுவேனிய மொழியில் உள்ள உறவுச் சொல்லுக்கு நீண்ட கழி என்றுதான் பொருள். அதாவது தொடக்கத்தில் இது சாவோடு தொடர்பில்லாத சாதாரணச் சொல்! 4ஆம் நூற்றாண்டில் பைபிளை காதிக் மொழிக்குக் கொண்டுவந்தபோது, இயேசுவின் சிலுவையைக் குறிக்க இதே சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள்.

பிற்காலத்தில் இரண்டு கம்பங்களை நட்டு, மேலே ஒரு குறுக்குக் கட்டையைப் போட்டுத் தூக்கிலிடும் வழக்கம் வந்தது. கம்பம் இரண்டானதால் சொல்லும் பன்மையானது. நாம் "தூக்குமரம்" என்று சொல்வதுபோல ஆங்கிலேயர்களும் அதை "மரம்" என்றே அழைத்தார்கள். அவற்றில் மிகவும் பேர்போனது லண்டனின் "டைபர்ன் மரம்".

1571இல் டைபர்னில் மூன்று கால்களை ஊன்றி, மேலே மூன்று கட்டைகளை முக்கோணமாகப் பூட்டினார்கள். ஒரு கட்டைக்கு 8 பேர் வீதம் ஒரே நேரத்தில் 24 பேரைத் தூக்கிலிட முடியும். மக்கள் இதற்கு "மூன்று கால் குதிரை" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். நியூகேட் சிறையிலிருந்து சுமார் 3 மைல் தூரம் கைதியை வண்டியில் ஏற்றி வருவார்கள். வழியெல்லாம் திருவிழாக் கூட்டம். நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் காசு கொடுத்து இருக்கை வாங்கலாம். சாவும் அங்கே ஒரு வியாபாரம்! 1783இல் டைபர்னில் கடைசித் தூக்கு நடந்தது. அதன்பின் நியூகேட் சிறை வாசலுக்கு மாற்றப்பட்டது.

அங்கே தொங்கியவர்கள் எல்லோரும் கொலைகாரர்களா என்றால், இல்லை. 1699ஆம் ஆண்டுச் சட்டப்படி கடையில் 5 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினாலே தூக்குதான். 1713இல் வந்த சட்டம், வீட்டுக்குள் 40 ஷில்லிங் மதிப்புக்குத் திருடினால் மரணம் என்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்படி 200க்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை இருந்தது.

ஆனால் ஜூரிகளாக உட்கார்ந்தவர்கள் சாதாரண மனிதர்கள். பல வழக்குகளில் அவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். களவு போன பொருள் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அதன் மதிப்பு 39 ஷில்லிங் என்று தீர்ப்பில் எழுதிவிடுவார்கள். அந்த ஒரு ஷில்லிங் குறைவில் ஓர் உயிர் தப்பிவிடும்! சட்டத்தின் கணக்கை மனசாட்சி திருத்தி எழுதியது எனலாம்.

இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. கள்ளக் கையெழுத்து, போலிப் பத்திரம் ஆகியவற்றுக்கும் தூக்குத் தண்டனை இருந்தது. 1830இல் அந்தத் தண்டனையை நீக்கச் சொல்லி மனு கொடுத்தவர்கள் யார் தெரியுமா? ஏமாற்றப்பட்ட வங்கிக்காரர்களே! காரணம் இரக்கம் மட்டுமல்ல. தூக்கு என்றால் ஜூரிகள் குற்றவாளி என்று சொல்லத் தயங்கினார்கள். அதனால் மோசடிக்காரர்கள் தண்டனையே இல்லாமல் வெளியே வந்தார்கள். தண்டனை கடுமையாக இருந்தால் குற்றம் குறைந்துவிடும் என்ற நம்பிக்கை, பணத்தைப் பறிகொடுத்தவர்களிடமே எடுபடவில்லை. 1837க்குள் அந்தச் சட்டம் முழுவதும் நீங்கியது.

பிறகு மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1868இல் பொது இடத்தில் தூக்கிலிடுவது நின்றது. பிரிட்டனில் கடைசியாக 1964 ஆகஸ்ட் 13 அன்று இரண்டு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 1998இல் எஞ்சியிருந்த குற்றங்களுக்கும் மரண தண்டனை ஒழிந்தது.

மரம் போய்விட்டது. சொல் மட்டும் வேறு வேறு வேடத்தில் உலவுகிறது. கால்சட்டை நழுவாமல் இருக்கத் தோளில் மாட்டும் பட்டைக்கு ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் "கேலஸஸ்" என்று பெயர். கப்பலில் சரக்குத் தூக்கும் "டெரிக்" என்ற பளுதூக்கியின் பெயரோ, 1600ஆம் ஆண்டு வாக்கில் டைபர்னில் தூக்கிலிட்ட டெரிக் என்பவரிடமிருந்து வந்தது. முதலில் தூக்கிலிடுபவர், பிறகு தூக்குமரம், கடைசியில் சரக்குத் தூக்கி என்று அந்தச் சொல் மாறியது.

கழியாகப் பிறந்த சொல்லுக்குப் பயங்கரமான பொருளைக் கொடுத்தது மரமல்ல, மனிதன் எழுதிய சட்டம். எழுதிய சட்டத்தைத் திருத்தி எழுதவும் மனிதனால் முடியும். 39 ஷில்லிங் என்று எழுதிய அந்த ஜூரிகள் அதைத்தான் தொடங்கி வைத்தார்கள்.