கராஜில் இருக்கும் அந்த ஆசிட் கேன்

எங்கள் வீடு ஃப்ளோரிடாவில், ஆர்லாண்டோ பக்கம். நீச்சல் குளத்துக்கு ஆசைப்பட்டு நாங்கள் வீடு வாங்கவில்லை. வாங்கிய வீட்டில் குளம் இருந்தது, அவ்வளவுதான். குளத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் மாதம் எவ்வளவு ஆகும் என்று விசாரித்த அப்பா, தொகையைக் கேட்டதும், "ஆள் எல்லாம் வேணாம், நாமே பாத்துக்கலாம்" என்றார். "நாமே" என்றால் நான்!

சனிக்கிழமை காலையில் வலையால் இலைகளை அள்ள வேண்டும். பம்ப் கூடையைக் காலி செய்ய வேண்டும். சுவரைத் தேய்க்க வேண்டும். பிறகு தண்ணீரைச் சோதிக்க வேண்டும். பிஎச் அளவு 7.2க்கும் 7.8க்கும் நடுவில் இருந்தால் நல்லது. அதற்கு மேலே போனால் குளோரினுக்குக் கிருமியைக் கொல்லும் வலு குறைந்துவிடும். அது தெரியாமல் மேலும் மேலும் குளோரினைக் கொட்டினால் காசுதான் கரையும். கொஞ்சம் மியூரியாட்டிக் ஆசிட் விட்டு பிஎச்சை இறக்கினால் குறைந்த குளோரினே போதும். அப்பாவின் சிக்கன ரகசியம் இதுதான். அந்த ஆசிட் கேன் கராஜில், குளோரினுக்கு எட்டாத தூரத்தில் தனியாக இருக்கும். இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

பள்ளியில் வரலாற்றுப் பாடத்துக்காகத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய படம் கண்ணில் பட்டது. குளத்துக்குள் ஆட்கள் இருக்கிறார்கள். கரையில் ஒருவர் ஒரு கேனைச் சாய்த்துத் தண்ணீரில் எதையோ ஊற்றுகிறார். அது என்னவென்று படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் கராஜில் இருக்கும் அதே மியூரியாட்டிக் ஆசிட்.

இடம், எங்கள் ஃப்ளோரிடாவிலேயே இருக்கும் செயின்ட் அகஸ்டின். நாள், 1964 ஜூன் 18. மான்சன் மோட்டார் லாட்ஜ் என்ற விடுதியில் வெள்ளையர்களுக்கு மட்டுமே இடம். ஒரு வாரத்துக்கு முன்புதான், ஜூன் 11 அன்று, மார்ட்டின் லூதர் கிங் அதே விடுதி வாசலில் கைதாகியிருந்தார். அன்று அங்கே அறை எடுத்திருந்த வெள்ளைப் போராட்டக்காரர்கள், தங்கள் விருந்தினர்கள் என்று சொல்லிக் கறுப்பின நண்பர்களை அழைத்தார்கள். எல்லோரும் குளத்தில் குதித்தார்கள். மேலாளர் ஜேம்ஸ் பிராக் ஆசிட்டை எடுத்து வந்து ஊற்றினார். அவ்வளவு பெரிய குளத்தில் ஒரு கேன் ஆசிட் கரைந்து நீர்த்துப்போகும் என்று சனிக்கிழமை வேலை செய்த எனக்குத் தெரியும். ஆனால் கண்ணெதிரே ஊற்றும்போது உள்ளே இருப்பவருக்கு எப்படி இருந்திருக்கும்? கடைசியில் போலீஸ் வந்து கைது செய்தது, நீந்தியவர்களைத்தான். மறுநாளே, ஜூன் 19 அன்று, அமெரிக்க செனட் சிவில் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது.

சட்டம் வந்ததும் எல்லாக் குளங்களும் எல்லோருக்கும் திறந்துவிட்டன என்று நினைத்தால், அதுதான் இல்லை.

அதற்கு முன்பே மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. நிறம் பார்த்துப் பிரிக்கக் கூடாது என்று 1962இல் நீதிமன்றம் சொன்னதும், நகராட்சி பூங்காக்களையும் மிருகக்காட்சி சாலையையும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. நீச்சல் குளங்களை மட்டும் மூடிவிட்டது. ஐந்து குளங்களில் நான்கு அதன் சொந்தம். ஐந்தாவது குத்தகை, அதையும் கைவிட்டது. சொன்ன காரணம்: எல்லோரையும் சேர்த்து நீந்தவிட்டால் பாதுகாப்பாகவும் சிக்கனமாகவும் நடத்த முடியாதாம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1971இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நகராட்சியே வென்றது.

அந்தச் "சிக்கனம்" என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. அப்பா சிக்கனம் பார்ப்பது குளத்தைத் திறந்துவைக்க. அவர்கள் சிக்கனம் பேசியது குளத்தை மூட.

1936 கோடையில் நியூயார்க் நகரம் மட்டும் 11 பெரிய பொது நீச்சல் குளங்களைத் திறந்தது. செலவை ஊரே பகிர்ந்துகொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கான்கிரீட்டைப் பீய்ச்சிக் குளம் கட்டும் முறை பரவியது, விலை இறங்கியது, புறநகர்களில் வீட்டுக்கு வீடு குளம் வந்தது. எல்லோரும் நிற வெறியால்தான் கட்டினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொதுக் குளங்களில் கறுப்பின மக்களும் இறங்கத் தொடங்கிய அதே காலத்தில்தான் பல வெள்ளைக் குடும்பங்கள் தனியார் கிளப்புக்கும் வீட்டுக் குளத்துக்கும் நகர்ந்தன. வசதி இல்லாதவர்களுக்கு மூடிய கதவுதான் மிஞ்சியது. நீந்தத் தெரியாத பெற்றோர், நீந்தத் தெரியாத பிள்ளைகள் என்று அது தொடர்ந்தது. இன்றும் அமெரிக்க நீச்சல் குளங்களில் மூழ்கி இறக்கும் விகிதம் வெள்ளைப் பிள்ளைகளைவிடக் கறுப்பினப் பிள்ளைகளிடையே பல மடங்கு அதிகம்.

இது யாரோ ஒருவருடைய கதை என்று நாம் ஒதுங்க முடியாது. 1927இல் மகாராஷ்டிரத்தின் மகாடில், ஊர்ப் பொதுக்குளத்தில் தண்ணீர் குடிக்கும் உரிமைக்காகவே அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடக்க வேண்டியிருந்தது. "நீ தொட்டால் தண்ணீர் தீட்டு" என்பது நம் ஊர்களுக்கும் தெரிந்த பேச்சுதான். இன்னொன்றும் உண்டு. நம் பெற்றோரைப் போன்றவர்கள் பெருமளவில் அமெரிக்கா வர வழிவிட்ட குடியேற்றச் சட்டம் 1965இல் வந்தது. அதற்குக் கதவைத் தட்டிக்கொடுத்தது அதே சிவில் உரிமைப் போராட்டம். அன்று குளத்தில் குதித்தவர்களுக்கு நானும் கடன்பட்டிருக்கிறேன்.

மான்சன் விடுதியை 2003இல் இடித்துவிட்டார்கள். கிங் கைதான வாசற்படிகளை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். போன கோடையில் அப்பாவோடு போய்ப் பார்த்தேன். திரும்பும் வழியில் அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பக்கத்து வீட்டுப் பசங்களுக்கு நீச்சல் தெரியுமாடா?" என்று கேட்டார். இப்போது சனிக்கிழமை வேலை முடிந்ததும் அவர்களும் எங்கள் குளத்துக்கு வருகிறார்கள். அம்மாவும் ஆழமில்லாத பக்கம் நின்று மூச்சுப் பிடிக்கப் பழகுகிறார்.

உங்கள் ஊரிலும் ஒருநாள், "காசில்லை, பொது நீச்சல் குளத்தை மூடுகிறோம்" என்று அறிவிப்பு வரலாம். சில நேரம் அது உண்மையாகவே இருக்கும். ஆனாலும் எந்தத் தெருக் குளம் மூடுகிறது, அங்கே நீந்துவது யார் என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.