காவல்காரர், தாசில்தார், போலீஸ்

1989-ல் தெலுங்கில் 'அங்குசம்' என்றொரு படம் வந்தது. ராஜசேகர் ஹீரோ. தமிழில் டப் செய்தவர்கள் வைத்த பெயர், 'இதுதாண்டா போலீஸ்'! ரவுடியையும் அவனை வளர்த்துவிட்ட அரசியல்வாதிகளையும் ஒரு நேர்மையான இன்ஸ்பெக்டர் எதிர்க்கிற கதை. டப்பிங் படம் என்பதையே மறந்து நம்ம ஊர் தியேட்டர்களில் விசில் பறந்தது. 1990-ல் விஜயசாந்தியின் 'கர்தவ்யம்'. தமிழில் 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' இந்தப் படம் அவருக்குத் தேசிய விருதையே வாங்கித் தந்தது.

காக்கிச்சட்டை அடித்தால் நாம் ஏன் கைதட்டுகிறோம்? விடை தேடிக் கொஞ்சம் பின்னால் போகலாம்... சங்கரன்கோவில் பக்கம்!

இருநூறு வருஷங்களுக்கு முன்னால் அந்தச் சீமையில் போலீஸ் ஸ்டேஷன் கிடையாது. 'காவல்' உண்டு. கிராமத்துக்கு ஸ்தலக் காவல், பெரிய வட்டாரத்துக்குப் பாளையக்காரரின் தேசக் காவல். ஊர் கூலி கொடுக்கும். களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தர வேண்டும். முடியாவிட்டால் கைக்காசைப் போட்டு ஈடுகட்ட வேண்டும். பிரமாதமான ஏற்பாடுதான். ஆனால், கூலி தர மறுத்த வீட்டின் மாடு மறுநாள் காணாமல் போகும்! அது இருக்கும் இடத்தைச் சொல்ல ஒரு தனிக்கட்டணம். அதன் பெயர் துப்புக்கூலி.

1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கம்பெனி, பாளையக்காரர்களின் அதிகாரத்தோடு தேசக் காவலையும் பிடுங்கிக்கொண்டது. சரி, பதிலுக்கு யார்? 1816-ல் ஒரு சட்டம் போட்டு, தாலுகா அளவில் போலீஸ் வேலையைத் தாசில்தார் தலையில் கட்டினார்கள். வேண்டாவெறுப்பான போலீஸ் அதிகாரி என்றால் அவர்தான்! அவருடைய முதல் வேலை வரி வசூல். கிஸ்தி குறைந்தால் மேலே பதில் சொல்லியாக வேண்டும். வரி கேட்கிற கையிலேயே லத்தியும் இருந்தால் என்ன ஆகும்?

ஆனது. 1854-ல் விஷயம் லண்டன் பார்லிமென்ட் வரை போய், சென்னை ராஜதானியில் மூன்று பேர் கமிஷன் அமைந்தது. 1855-ல் அறிக்கை. வந்த புகார்கள் 1,959! விரல்களை மரக்கட்டைக்குள் வைத்து நெரிக்கும் 'கிட்டி', ஆளை வளைத்துக் கட்டிப்போடும் 'அண்ணாந்தாள்', வெயிலில் மணிக்கணக்காக நிற்க வைப்பது... வரி பாக்கிக்கும் இதே வைத்தியம், திருட்டை ஒப்புக்கொள்ள வைக்கவும் இதே வைத்தியம்.

கமிஷன் ஒரு வேடிக்கையும் செய்தது. குற்றத்தையெல்லாம் சுதேசிச் சிப்பந்திகள் மேல் போட்டுவிட்டு, வெள்ளைக்கார அதிகாரிகளை விட்டுவிட்டது. வசூல் பண்ணு என்று விரட்டியவர் நல்லவர், விரட்டப்பட்டவர் மட்டும் கெட்டவர்!

ஆனாலும் பலன் இருந்தது. வரி வேலையையும் போலீஸ் வேலையையும் பிரித்து, 1859-ல் சென்னை போலீஸ் சட்டம் வந்தது. 1861-ல் இந்தியா முழுமைக்கும் ஒரு போலீஸ் சட்டம். போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்ற விதியும் அதே வருஷம் வந்தது. 1872-ன் சாட்சியச் சட்டத்தில் அதுவே 25-வது பிரிவு. 2024-ல் சட்டத்தின் பெயரே மாறியது, விதி மாறவில்லை. பாரதிய சாட்சிய சட்டத்தில் அது 23-வது பிரிவு. வெள்ளைக்காரன் போட்டதாயிற்றே என்று யாரும் அதைத் தூக்கி எறியவில்லை. காரணம், அடிபட்டவன் எதையும் ஒப்புக்கொள்வான் என்பது 1855-லேயே தெரிந்துபோன சங்கதி.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தகப்பனும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள். சங்கரன்கோவிலைப் போலவே அதுவும் பழைய திருநெல்வேலிச் சீமைதான்.

சினிமாவில் ஒரு வசதி உண்டு. இன்ஸ்பெக்டர் யாரை அடிக்கிறாரோ அவன்தான் வில்லன் என்று இடைவேளைக்கு முன்பே நமக்குக் காட்டிவிடுவார்கள். அதனால் தைரியமாக விசில் அடிக்கிறோம். நிஜ லாக்கப்பில் அதை முன்கூட்டிக் காட்ட யார் இருக்கிறார்கள்?